வாசல் இல்லாத இடத்தில் ஒரு கனைப்பு

என் அண்ணன் செபஸ்தியான் எந்த வீட்டுக்குள் போனாலும் வாசலில் நின்று மூன்று தடவை கனைப்பார். முதல் கனைப்பு சின்னது. இரண்டாவது கொஞ்சம் நீளம். மூன்றாவது முடிந்ததும் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கும். உள்ளே பெண்டுபிள்ளைகள் எப்படி இருப்பார்களோ, ஒரு ஆம்பளை வருகிறான் என்று தெரியட்டும் என்பார். சொந்த வீட்டுக்கும் அதே கனைப்புதான். கல்யாணமான புதிதில் மதினி சுகந்தி, "உங்க வீட்டுக்குள்ள வர்றதுக்கு யாருகிட்ட உத்தரவு கேக்குறீக?" என்று கேலி செய்வார்.

வாசலை விட்டால் அந்தக் கனைப்பைக் கடற்கரையில் மட்டும்தான் கேட்கலாம். அண்ணன் மீன் ஏலம் கூறுகிறவர். தங்கச்சிமடம் கரையில் படகு வந்து, மீனைக் கூறு கூறாக மணலில் கொட்டியதும், நடுவில் போய் நின்று மூன்று தடவை கனைப்பார். அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்த வியாபாரிகள் வாயை மூடிக்கொண்டு சுற்றி நிற்பார்கள். பிறகு ஆரம்பிக்கிற குரல் எங்கள் தெரு வரைக்கும் கேட்கும். சிறுபிள்ளையிலிருந்தே எனக்கு அந்தக் குரல்தான் கடிகாரம்.

எனக்கும் அவருக்கும் அதில் கொஞ்சமும் ஒற்றுமை கிடையாது. நான் நாலு பேர் முன்னால் பேச மாட்டேன். ஏழாம் வகுப்போடு நின்று, இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போனேன். அங்கேயும் சுவரோரம்தான் உட்காருவேன். "ஆண்டவர் உங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு வாயைக் குடுத்தாரு, அதை உங்கண்ணன் எடுத்துக்கிட்டாரு" என்று பக்கத்து வீட்டு சவேரியம்மாள் அக்கா சொல்லும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி அந்தக் குரல் குறைய ஆரம்பித்தது. ஏலத்துக்கு நடுவில் மூச்சு வாங்கினார். பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. முழங்கையில் அடிபடாமலே நீலமாகத் தடம் விழுந்தது. ராமநாதபுரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், மதுரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மதுரையில்தான் ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள்.

நாலு மாதம் மருந்து ஏற்றினார்கள். அதன் பிறகு டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார். ரத்தம் ஊறுவது எலும்புக்குள்ளே இருக்கிற மஜ்ஜையில். இவருக்கு அது கெட்டுவிட்டது. அதை மருந்து கொடுத்து அடியோடு அழித்துவிட்டு, பொருந்துகிற ஒருவருடைய மஜ்ஜை அணுக்களை ஏற்ற வேண்டும். கூடப்பிறந்தவர்கள் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு.

கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். பொருந்தியது.

ஐந்து நாள் ஊசி போட்டார்கள். இடுப்பும் முதுகும் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. ஆறாம் நாள் ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, மிஷினில் சுற்றவிட்டு, வேண்டியதைப் பிரித்துக்கொண்டு மறு கையில் திருப்பி விட்டார்கள். அவ்வளவுதான் என் வேலை. அதைக் கொடுக்கிறவருக்கு அங்கே டோனர் என்று பேர். ஒரு சின்னப் பையில் வெளிர் சிவப்பாக இருந்தது. அன்றைக்கே அண்ணனுக்கு ஏற்றினார்கள். மூன்று வாரம் கழித்து, தலையில் ஒரு மயிர் இல்லாமல் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் படுத்திருந்தவர், என்னைப் பார்த்துக் கை அசைத்தார். மதினி போனை என் காதில் வைத்துவிட்டார்.

"வேளா, மூணு நாளா எனக்குப் பேசவே தோண மாட்டேங்குது. எல்லாம் உன் ரத்தம் செய்யிற வேலை" என்றார்.

நூறு நாள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்து இருந்துவிட்டு, போன வருஷம் ஆகஸ்டில் ஊருக்குக் கூட்டிவந்தோம். வரும்போது வார்டு நர்ஸ் சிஸ்டர் கோகிலா ஒரு தாள் கொடுத்தார். அண்ணன் மகள் ஆஸ்லின் பத்தாம் வகுப்பு. அவள் அதைச் சத்தமாகப் படித்துக் கதவுக்குப் பின்னால் ஒட்டினாள். கூட்டத்துக்குப் போகக் கூடாது. சளி பிடித்தவர்கள் பக்கத்தில் வரக் கூடாது. இருமல், மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு, காய்ச்சல், எது வந்தாலும் அன்றைக்கே போன் செய்ய வேண்டும். கடைசி வரியின் கீழே சிஸ்டர் பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார்.

"புது மஜ்ஜை, பிறந்த குழந்தை மாதிரி" என்று எங்களுக்குச் சொல்லியும் அனுப்பினார். "சின்ன வயசுல போட்ட தடுப்பூசி எல்லாம் போச்சு. எதிர்ப்புச் சக்தியை அடக்குற மாத்திரையும் சாப்பிடுறாரு. நமக்கு மூணு நாள் சளி, மிளகுக் கஷாயம் குடிச்சாப் போயிரும். அவருக்கு அது நெஞ்சுக்குள்ள இறங்குச்சுன்னா உசுருக்கே ஆபத்து."

எங்கள் ஊரில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வந்தால் தெருவே வந்து பார்க்கும். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வருவார்கள். பார்க்காமல் இருந்துவிட்டால் அது பெரிய குறை. மதினி கேட்டைப் பூட்டி, சன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னார்.

"நாங்க என்ன சொத்தா கேக்க வந்தோம்? மொகத்தைத்தானே பாக்க வந்தோம்" என்றது சவேரியம்மாள் அக்கா.

"மொகம் சன்னல்லதான் இருக்கு, நல்லாப் பாத்துக்க" என்று உள்ளேயிருந்து அண்ணன் சொன்னார். அக்கா சிரித்துவிட்டது. அப்படியே செப்டம்பர் கழிந்தது.

அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாதம். மாதா சுரூபத்தை, கோயிலில் இருக்கிற சின்னச் சிலையை, தினமும் ஒரு வீட்டுக்குத் தூக்கிவருவார்கள். சாயங்காலம் தெருச் சனம் அந்த வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லும். முடிந்ததும் ஒவ்வொருவராக மாதாவின் பாதத்தில் உதட்டை வைத்து முத்தி செய்துவிட்டுப் போவார்கள். மாதா அன்று இரவு அந்த வீட்டில் தங்கி, மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போவார். அண்ணன் உயிரோடு திரும்பி வந்தால் மாதாவுக்குப் பட்டு சாத்துகிறேன் என்று மதினி நேர்ந்திருந்தார். எங்கள் வீட்டு முறையைத் தள்ளிப்போட மனசு வரவில்லை.

கவனமாகத்தான் செய்தோம். வாசலுக்கு வெளியே தார்ப்பாய் கட்டிச் சனத்தை அங்கேயே உட்காரவைத்தோம். ஆஸ்லின் எல்லோருக்கும் மாஸ்க் கொடுத்தாள். அண்ணன் தன் அறையில், சன்னலுக்குப் பின்னால் இருந்தார். ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் ஒழுங்காகச் சொல்லி முடிந்தது. முத்தி செய்ய மாஸ்க்கை இறக்கினார்கள், அது இயல்புதானே. சவேரியம்மாள் அக்கா கடைசியில் வந்தது. இடுப்பில் மகள் வயிற்றுப் பேரன், இரண்டு வயது. அவன் மூக்கிலிருந்து உதடு வரை சளி ஒழுகியிருந்தது. அக்கா அவன் தலையைச் சாய்த்துப் பாதத்தில் முத்தவைத்தது. அவன் மாதாவைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

சனம் கலைந்ததும் மதினி மாதாவைத் தூக்கிக்கொண்டு நேரே அண்ணன் அறைக்குப் போனார். அண்ணன் எழுந்து நின்று, கண்ணை மூடி, பாதத்தில் உதட்டை வைத்து வெகுநேரம் எடுக்கவே இல்லை.

அறைவாசலில் நான் நின்றேன். எனக்குத் தெரிந்தது. ஆட்களை எல்லாம் தள்ளி நிறுத்திய நாங்கள், அத்தனை பேரும் முத்திய இடத்தில் கொண்டுபோய் அவர் வாயை வைத்திருக்கிறோம். ஒரு ஈரத்துணியால் துடைத்திருந்தால் போதும். வாய் வரை வந்தது. மாதாவின் பாதத்தைத் துடைக்கச் சொல்ல நான் யார் என்று தோன்றியது. வழக்கம்போலப் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை. அண்ணன் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கனைத்தார். உள்ளே போகப்போகிறார் போல என்று, வழியில் கிடந்த சட்டியை நகர்த்திவைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தைப் புரட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கனைத்தார், இந்தத் தடவை இரண்டு. இரண்டாவதற்குப் பிறகு, முள் சிக்கியது போல எச்சிலை விழுங்கினார்.

நாற்பது வருஷத்தில் அவர் வாசலும் இல்லாமல் ஏலமும் இல்லாமல் கனைத்து நான் கேட்டதே இல்லை.

"அண்ணே, தொண்டை ஒரு மாதிரி இருக்கா?"

"எப்பவும்போலத்தான் இருக்கு."

"கனைச்சீகளே."

"ஏ வேளா, பொறந்ததுலருந்து கனைச்சுக்கிட்டுத்தானே இருக்கேன். இன்னைக்குத்தான் உனக்குக் காது கேட்டுச்சா?"

மதினி காய்ச்சல் குச்சியை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவி தொண்ணூற்றேழு காட்டியது. "பாத்தியா, ஒண்ணும் இல்ல. மாதா வந்துட்டுப் போன வீட்டுல என்ன வந்துரப் போவுது?" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இந்தக் கனைப்புக்கெல்லாம் மதுரைக்கு ஓடுனா, அங்கன சிரிப்பாக" என்றார் அண்ணன். பேசி முடித்ததும் திரும்பவும் கனைத்தார்.

ஆஸ்லின் பள்ளிக்கூடம் போயிருந்தாள். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாளில் இரண்டு கோடு போட்ட வரியைப் பார்த்தேன். அதன் கீழே இருந்த ஆஸ்பத்திரி நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, அடுத்த சந்தில் இருக்கிற என் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தெரியாத ஆளுக்கு நானாகப் போன் போட்டதே இல்லை. வியர்வையில் நம்பர் அழிவதற்குள் அழுத்திவிட்டேன்.

"ஹலோ, சொல்லுங்க" என்றது சிஸ்டர் கோகிலாவின் குரல். நான் போனை மறு காதுக்கு மாற்றினேன். "ஹலோ? யாருங்க? வைக்கட்டுமா?"

"வச்சிராதீக. செபஸ்தியான் தங்கச்சி பேசுறேன்."

"டோனரக்காவா? என்னக்கா, நீங்க பேசுறீங்க! என்ன ஆச்சு?"

"அண்ணன் கனைக்கிறாக."

"கனைக்கிறாரா?"

"வாசல் இல்லாம கனைக்கிறாக சிஸ்டர்."

அந்தப் பக்கம் ஒன்றும் புரியவில்லை என்று எனக்கே தெரிந்தது. அதனால் முதலிலிருந்து சொன்னேன். வாசல், மூன்று கனைப்பு, ஏலம், நாற்காலி, எச்சில் விழுங்கினது. சுரூபத்தையும் பையனின் மூக்கையும் சொன்னேன். என் ஆயுசில் போனில் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. சிஸ்டர் நடுவில் குறுக்கிடவே இல்லை.

"அக்கா, இப்பவே கிளம்புங்க" என்றார் கடைசியில். "காய்ச்சல் இல்லைங்கிறதை நம்பாதீங்க. அவர் சாப்பிடுற மாத்திரை காய்ச்சலை மறைச்சிரும். வழியில எங்கயும் இறங்க வேண்டாம். நான் டாக்டர்கிட்ட சொல்லிவைக்கிறேன்."

அண்ணனுக்குக் கோபம். "எம் பொண்டாட்டிகிட்டகூடக் கேக்காம இவ போன் போடுறாளாம்" என்று சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டினார். ஆஸ்பத்திரிக்கு எப்போதும் வருகிற உச்சிப்புளி மாரீஸ்வரன்தான் கார் கொண்டுவந்தார். மாஸ்க் போட்டு, கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார். பாம்பன் பாலத்தில் அண்ணன் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். காற்று சத்தத்துக்கு நடுவிலும் நான் எண்ணிக்கொண்டு வந்தேன். மதுரை போய்ச் சேர்வதற்குள் இருபத்தாறு கனைப்பு. மானாமதுரைக்குப் பிறகு வந்தது கனைப்பே இல்லை, இருமல். மதினி முன்சீட்டில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பின்வாசல் வழியாகத் தனி அறைக்குக் கூட்டிப்போனார்கள். மூக்குக்குள் குச்சி விட்டு எடுத்தார்கள். நெஞ்சை ஸ்கேன் செய்தார்கள். எல்லாம் மறுநாள் காலையில்தான் தெரியும் என்றார்கள்.

வெளியே பெஞ்சில் மதினியும் நானும் உட்கார்ந்திருந்தோம். மனசு தாங்கவில்லை.

"மதினி, அன்னைக்கு மாதா பாதத்துல அந்தப் பையன் முத்துனதை நான் பாத்தேன். சொல்லாம இருந்துட்டேன்" என்றேன்.

மதினி ஜெபமாலையை மடியில் வைத்தார். "நானுந்தான் பாத்தேன்" என்றார். "தொடச்சா மாதா கோவிச்சுக்கிருமோன்னு இருந்துட்டேன்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். அழிந்துபோகாமல் அந்த நம்பர் இன்னும் உள்ளங்கையில் இருந்தது.

காலையில் டாக்டரம்மா வந்தார். மூக்கில் இருந்தது ஆர்.எஸ்.வி. என்கிற வைரஸ் என்றார். சின்னப் பிள்ளைகளுக்கு மழைக்காலத்தில் வருகிற சளிதான். "ஆனா இவர் மாதிரி ஆளுக்கு அது சளியா நிக்காது, கீழே இறங்கும். இப்ப ஸ்கேன்ல நெஞ்சு சுத்தமா இருக்கு. மேலேயே பிடிச்சிட்டோம். ரெண்டு மூணு நாள் கழிச்சு வந்திருந்தீங்கன்னா நான் இப்படி நின்னு பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்."

சிஸ்டர் கோகிலா அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

உடனே சரியாகிவிடவில்லை. மூன்றாம் நாள் இருமல் கூடியது. விரல் கருவி தொண்ணூற்று மூன்றுக்கு இறங்கியது. மூக்கில் குழாய் வைத்தார்கள். அன்று பகல் முழுக்க நாங்கள் சாப்பிடவில்லை. திரும்ப ஸ்கேனுக்குக் கூட்டிப்போனார்கள். நெஞ்சு அப்போதும் சுத்தமாகவே இருந்தது. ஐந்தாம் நாள் குழாயை எடுத்துவிட்டார்கள். பத்தாம் நாள் குளித்துவிட்டு வருகிறேன் என்று போனவர், குளித்து முடித்து, எங்கள் பக்கம் குளியலறைக் கதவைத் திறக்கும் முன் உள்ளேயே நின்றார்.

ஒரு சின்னக் கனைப்பு. நீளமாக ஒன்று. மூன்றாவது.

அதற்குப் பிறகு செருப்புச் சத்தம். மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. "என்னத்துக்கு ரெண்டு பேரும் இளிக்கிறீக?" என்று அண்ணன் கேட்டார்.

ஊருக்கு வரும் வழியில், உச்சிப்புளி தாண்டி உப்புக் காற்று முகத்தில் பட்டதும், "வேளா" என்றார். "உன் ரத்தம் எனக்கு வந்து நான் ஊமையாயிட்டேன்னு நெனச்சேன். என் வாய் உனக்கு எப்படிப் போச்சுன்னுதான் தெரியல."

இந்த அக்டோபரிலும் மாதா எங்கள் வீட்டுக்கு வந்தார். சனம் முத்தி செய்ததும் நான் போய் ஒரு வெள்ளைத் துணியால் பாதத்தைத் துடைத்தேன். எல்லோரும் பார்க்க, நடு முற்றத்தில். "மாதாவையே குளுப்பாட்டுறா பாரு" என்றது சவேரியம்மாள் அக்கா. "ஆமாக்கா, உம் பேரனுக்கு மூக்கைத் தொடச்சுவிடுறதும் இதுவும் எனக்கு ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டேன். தெரு சிரித்தது. எனக்குக் காது சுட்டது, ஆனால் துணியை விடவில்லை. அண்ணன் அறைவாசலில் நின்றபடியே கைகூப்பிக் கும்பிட்டார், முத்தவில்லை. அதுவும் போதும் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார்.

பதினான்காக இருந்த மாத்திரை மூன்றாகிவிட்டது. ஆறாவது மாதத்திலிருந்து, பச்சைப் பிள்ளைக்குப் போடுவதுபோலத் தடுப்பூசியை எல்லாம் திரும்பப் போட்டுவருகிறார்கள். வாரத்தில் மூன்று நாள் கரைக்குப் போகிறார். காற்று வருகிற பக்கம் தள்ளி நின்று, மாஸ்க் போட்டுக்கொண்டு, கையில் பிடிக்கிற சின்ன மைக்கில் ஏலம் கூறுகிறார். குரல் பழைய குரல் இல்லை, தெரு வரைக்கும் வருவதில்லை. அடுத்த பரிசோதனை ஜனவரியில். இப்போதைக்கு இருமல் இல்லை, மூச்சு நன்றாக இருக்கிறது.